16 கேமரா, ஒரு லைவ், ஒரே லைன்: கல்யாண மண்டபத்து அனுபவம்

கடலூர் திருவந்திபுரத்தில் நான் பார்த்துக்கொள்ளும் மண்டபத்தில் 16 ஐபி கேமராவும் (நெட்வொர்க் வழியாகப் படம் அனுப்புபவை), அவற்றைப் பதிவு செய்யும் என்விஆர் பெட்டி ஒன்றும் சில வருடங்களாக ஓடுகின்றன. கேமராக்களில் குறை இல்லை. அத்தனை வீடியோவும் ஒரே நேரத்தில் ஒரே வழியில் போவதுதான் தலைவலி.

வந்த செட்டிங்கில் எல்லாமே எச்.264 என்ற வீடியோ சுருக்க முறை, வேரியபிள் பிட்ரேட் (படத்தில் அசைவு கூடினால் டேட்டாவும் கூடும்), உச்சம் நொடிக்கு 6 மெகாபிட், அதாவது 6 எம்பிபிஎஸ். மண்டபம் காலியாக இருக்கும்போது அதில் பாதிகூட ஆகாது. ரிசப்ஷனில் சீரியல் செட் மினுக்கி, பார்க்கிங்கில் தென்னை மட்டையும் காற்றில் ஆட ஆரம்பித்தால் எல்லாம் உச்சத்துக்குப் போகும். மொத்தம் 96. கேமராக்களுக்கு ஒரே கேபிளில் மின்சாரமும் நெட்வொர்க்கும் தரும் எங்கள் பிஓஇ ஸ்விட்ச்சில், எல்லா வீடியோவும் என்விஆருக்குப் போகும் அப்லிங்க் போர்ட்டோ 100 எம்பிபிஎஸ். அந்த வழி நெருக்கியடித்து, பந்திக் கூடத்துப் படம் கட்டம் கட்டமாக உடையும். கூட்டம் இருக்கும்போதுதான் கேமராவே தேவை, அப்போது பார்த்து இப்படி!

ஜிகாபிட் ஸ்விட்ச் வாங்கலாம்தான். ஆனால் ஹார்ட் டிஸ்க்கும் நிரம்புகிறதே. ஒரு எம்பிபிஎஸ் வீடியோ 24 மணி நேரம் ஓடினால் 10.8 ஜிபி. அந்தக் கணக்கில், எல்லாம் உச்சத்தில் ஓடினால் 8 டிபி டிஸ்க் எட்டு நாளைத் தாண்டாது. அதனால் கேமராவிலேயே கை வைத்தோம். இன்னும் நன்றாகச் சுருக்கும் எச்.265-க்கு மாற்றி, உச்சத்தை 3 ஆக்கினோம். பார்க்கிங்குக்கு நொடிக்கு 12 ஃப்ரேம் போதும். மொய் எழுதும் மேசைக்கு மட்டும் 6 அப்படியே இருக்கிறது. கவரையும் நோட்டையும் பார்க்க முடியாவிட்டால் அங்கே கேமரா எதற்கு? இப்போது பதிவு இரண்டு வாரம் நிற்கிறது.

இன்டர்நெட் கதை வேறு. 100 எம்பிபிஎஸ் பிளான் என்றாலும் எங்களுக்கு அப்லோட் 20 தான். முகூர்த்தத்தன்று வீடியோக்காரர் யூடியூப் லைவுக்கு 6 எடுப்பார். அதே நேரம் முதலாளி புதுச்சேரியிலிருந்து நான்கு கேமராவை மெயின் ஸ்ட்ரீமில் (முழுத் தரப் படம்) திறந்தால் அந்தக் காலத்தில் அதுவே 24. கெட்டிமேளம் கொட்டும்போது லைவ் சுற்றிக்கொண்டே நிற்கும். "அண்ணே, மாப்பிள்ளையோட அக்கா சிங்கப்பூர்லேர்ந்து போன்ல திட்டுறாங்க, உங்க கேமராவ கொஞ்சம் நிறுத்துங்க" என்று வீடியோக்காரர் ஓடி வருவார்.

தீர்வுக்குப் பைசா செலவில்லை. வெளியிலிருந்து பார்ப்பதற்குச் சப் ஸ்ட்ரீம் (அதே கேமராவின் தரம் குறைந்த படம்) மட்டும் என்று வைத்தோம். ஒன்றுக்கு 512 கேபிபிஎஸ். பதினாறையும் திறந்தாலும் சுமார் 8 எம்பிபிஎஸ்தான். ரவுட்டரில் என்விஆரின் அப்லோடுக்கு 10 என்று வரம்பு போட்டு, லைவ் லேப்டாப்புக்கு முன்னுரிமை கொடுத்தோம். விருந்தினர் வைஃபைக்கும் தனி வரம்பு உண்டு. அதற்குப் பிறகு லைவ் நின்றதாகப் புகார் இல்லை. முதலாளிக்குத்தான் போனில் முகம் தெளிவாக இல்லையே என்று வருத்தம். நேரில் வரும்போது பெரிய திரையில் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன்.

சிலர் பரிந்துரைக்கும் ஸ்மார்ட் கோடெக்கை (அசைவில்லாத இடங்களுக்கு டேட்டாவை இன்னும் குறைக்கும் வசதி) நாங்கள் அணைத்து வைத்திருக்கிறோம். இடம் நன்றாகவே மிச்சமாகிறது. ஆனால் முழு ஃப்ரேம்களின் இடைவெளி நீண்டுவிடுவதால், பழைய பதிவில் குறிப்பிட்ட நொடிக்குப் போக முயன்றால் படம் தாவுகிறது.

இன்னும் தீராதது வாசல் கேமரா. மழை விட்ட ராத்திரியில் கேமராவின் ஐஆர் (அகச்சிவப்பு) விளக்கை ஈசல் மொய்த்தால் விடியும்வரை பிட்ரேட் உச்சத்திலேயே நிற்கிறது. ஐஆரை அணைத்துவிட்டு, தள்ளி ஒரு எல்இடி விளக்கு போடலாம் என்கிறார் எலக்ட்ரீஷியன். ஐப்பசிக்கு முன் போட்டுவிட வேண்டும்.