யூபிஎஸ் கத்தும்போது வீஎம்மை எப்படி நகர்த்துவது?

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேர மின்வெட்டு என்று அறிவித்தபோது, கொழும்பு பம்பலப்பிட்டியில் நான் வேலை செய்த அலுவலகத்தில் ஒரு பழக்கம் தொடங்கியது. கரண்ட் போக முன்னர், இரண்டு சேர்வர்களில் ஒன்றில் ஓடும் வீஎம்களை (சேர்வருக்குள் தனிக் கணினி போல ஓடும் மெய்நிகர் கணினிகளை) மற்றதுக்கு மாற்றிவிட்டு, வெறுமையான பெட்டியை நிறுத்திவிடுவோம். ஒரு பெட்டி மட்டும் ஓடினால் யூபிஎஸ் கூடுதல் நேரம் தாங்கும். ஒரு நாள் பட்டியலில் போட்ட நேரத்துக்கு முன்னமே கரண்ட் போய்விட்டது. யூபிஎஸ்ஸில் 25 நிமிடம். டேட்டாபேஸ் வீஎம் மட்டும் இன்னும் மாறவில்லை.

திரையைப் பார்த்துக்கொண்டிருந்த பொடியன் சொன்னான்: "அண்ணை, இது முடியிற மாதிரித் தெரியேல்லை. குறையுது, திரும்பக் கூடுது."

அவன் பார்த்தது ப்ரீ-காப்பி முறை. வீஎம் பழைய பெட்டியில் ஓடிக்கொண்டே இருக்கும். அதன் ரேம் பின்னணியில் புதிய பெட்டிக்குப் போகும். அதற்குள் மாறிய பக்கங்களை (ரேமின் சிறு துண்டுகளை) அடுத்த சுற்றில் அனுப்பும், பிறகு இன்னொரு சுற்று. மீதி மிகக் குறைந்ததும் ஒரு கணம் நிறுத்தி, கடைசித் துண்டையும் அனுப்பி, அந்தப் பக்கம் எழுப்பிவிடும். வீஎம்மை ஓட்டும் மென்பொருளான கியூஎமுவில் அந்த நிறுத்தத்துக்கு வழக்கமான உச்சம் 300 மில்லிசெக்கன். பாவனையாளருக்குத் தெரியவே தெரியாது.

கணக்குத்தான் இடிக்கும். ஒரு கிகாபிட் வயரில் உண்மையில் போவது செக்கனுக்கு 110 எம்பி அளவு. 64 ஜிபி ரேமுக்கு முதல் சுற்றே பத்து நிமிடம். டேட்டாபேஸ் செக்கனுக்கு 80 எம்பி வீதம் புதுப் புதுப் பக்கங்களில் எழுதினால் அடுத்த சுற்று ஏழு நிமிடம், அதற்கடுத்தது ஐந்து. எல்லாம் கூட்டினால் 35 நிமிடத்தைத் தாண்டும். 120 எம்பி எழுதினால் ஓட்டைவாளியில் தண்ணீர் அள்ளின கதைதான். ஆட்டோ-கன்வர்ஜ் என்று ஒன்று உண்டு. வீஎம்மின் சிபியுவை முதலில் 20 சதவீதம் மட்டுப்படுத்தி, போதாவிட்டால் மேலும் மேலும் இறுக்கும். கணக்குப் பிரிவிலிருந்து தொலைபேசி வரத் தொடங்குவது அப்போதுதான்.

போஸ்ட்-காப்பி தலைகீழ். சிபியு நிலையை முதலில் அனுப்பி, வீஎம்மைப் புதிய பெட்டியில் உடனே ஓடவிடும். தேவைப்படும் பக்கத்தைப் பழைய பெட்டியிடம் கேட்டு வாங்கும், மற்றவை பின்னால் வந்து சேரும். 2015 இல் கியூஎமு 2.5 உடன் வந்தது. ஒரு பக்கம் ஒரு தடவைதான் போகும் என்பதால் எத்தனை நிமிடத்தில் முடியும் என்று முன்கூட்டியே சொல்லலாம். யூபிஎஸ் கத்தும்போது இதைவிட வேறென்ன வேண்டும் என்று தோன்றும்.

எனக்கும் தோன்றியது. ஆனால் அந்த நிமிடங்களில் வீஎம்மின் ரேம் பாதி இங்கே, பாதி அங்கே. நெட்வேர்க் அறுந்தால் பிந்திய கியூஎமுக்கள் வீஎம்மை நிறுத்திவைத்து, இணைப்பு வந்ததும் தொடர விடும். இரண்டில் ஒரு பெட்டி செத்தால் மீட்க வழியில்லை, வீஎம் விழுந்ததுதான். ப்ரீ-காப்பியில் சேருமிடம் செத்தாலும் பழைய பெட்டியில் வீஎம் சுகமாக ஓடும். கரண்டுக்குப் பயந்து நகர்த்துகிறவன் கரண்ட் போனால் சாகும் முறையைத் தெரிவுசெய்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

மூன்றாவது வழியை யாரும் பெருமையாகச் சொல்வதில்லை: ஒழுங்காக நிறுத்தி, மற்றப் பெட்டியில் திரும்ப எழுப்புவது. டிஸ்க் இரண்டுக்கும் பொதுவான ஸ்டோரேஜில் இருந்தால் நகர்த்த எதுவுமே இல்லை. எங்களுக்கு நான்கு நிமிடம் எடுத்தது. அன்று மைக்ரேஷனை ரத்துசெய்து இதைத்தான் செய்தோம். திட்டு வாங்கினேன், தரவு போகவில்லை.

ஓடும் வீஎம்மை நகர்த்த விஎம்வேர் நிறுவனத்தின் விமோஷன் 2003 இலிருந்து இருக்கிறது. அதுவும் அடிப்படையில் ப்ரீ-காப்பிதான். பழுதில்லாத சாமான். ஆனால் 2023 நவம்பரில் பிராட்காம் விஎம்வேரை வாங்கிய கையோடு நிரந்தர லைசென்ஸை நிறுத்தி, எல்லாம் சந்தா என்றாக்கியது. ரூபாவில் உழைத்து டொலரில் கட்டுகிற எங்களுக்கு, கியூஎமுவை வைத்து வீஎம்களை ஓட்டும் பிராக்ஸ்மொக்ஸ் போதும்.

இப்போது இரண்டு பெட்டிக்கும் நடுவே நேரடியாக ஒரு 10 ஜி கேபிள். பிராக்ஸ்மொக்ஸ் வழக்கமாக எஸ்எஸ்எச் வழியாக மறைகுறியாக்கி அனுப்பும், அது வேகத்தை இழுத்துப் பிடிக்கும். வேறு யாரும் தொடாத கேபிள் என்பதால் அதை மட்டும் 'இன்செக்கியூர்' (மறைகுறியாக்காமல் அனுப்புவது) என்று மாற்றினோம். 64 ஜிபி ஒரு நிமிடமளவில் போகிறது, டேட்டாபேஸும் ப்ரீ-காப்பியிலேயே மாறுகிறது. இரண்டு நிமிடத்தில் முடியாவிட்டால் ரத்துசெய்து நிறுத்திவிடு என்று பொடியனுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.