லேப்டாப் அப்கிரேட்டுக்குக் கொடுத்தேன்: 680 மலேசிய வெள்ளியும் போனது, பழைய டிஸ்க்கும் போனது

பழைய கணினியை அப்கிரேட் செய்வதா, புதிதாக வாங்குவதா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள் கடைக்குப் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள். கோலாலம்பூர் செந்தூல் பக்கம் ஒரு சின்னக் கடையில் எனக்கு நடந்தது. புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை.

என்னுடையது 2016இல் வாங்கிய லேப்டாப். இன்டெல் ஐ5-6200யூ பிராசசர், 4 ஜிபி ரேம் (வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம்), பழைய ஹார்ட் டிஸ்க். ஆன் செய்துவிட்டுப் போய்த் தேநீர் கலக்கிக்கொண்டு வந்தாலும் அது இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கும். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிகிறது என்ற அறிவிப்பும் அடிக்கடி வந்தது. மகளுக்குப் படிக்கக் கணினி வேண்டும், புதிது வாங்கக் கையில் பணமில்லை.

கடைத் தம்பி திறந்து பார்த்துவிட்டு, “அண்ணே, புதுசு எதுக்கு? 512 ஜிபி எஸ்எஸ்டி, 8 ஜிபி ரேம், விண்டோஸ் 11, எல்லாம் புதுசாப் போட்டுத் தர்றேன். இன்னும் அஞ்சு வருஷம் ஓடும்” என்றார். எஸ்எஸ்டி என்பது ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான சேமிப்பகம். 680 வெள்ளி. நம்மவர், நன்றாகப் பேசுகிறார். சரி என்று கொடுத்துவிட்டேன்.

இரண்டு நாளில் வந்தது. வேகம் பிரமாதம். ஏமாந்ததே அங்கேதான். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எந்த எஸ்எஸ்டியைப் போட்டாலும், அது அடித்துத் தேய்ந்த பழசாக இருந்தாலும், முன்பைவிட வேகமாகத்தான் இருக்கும். வேகத்தைப் பார்த்து, போட்ட சாமானும் நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மாதத்தில் திரை உறைய ஆரம்பித்தது. மகள் எழுதிய கட்டுரை ஒன்று திறக்கவே இல்லை. சைபர்ஜெயாவில் வேலை செய்யும் நண்பரின் மகன் எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்து அடி மூடியைக் கழற்றினான். எஸ்எஸ்டியின் ஸ்டிக்கர் ஓரம் தூக்கி நின்றது. நகத்தால் உரித்தான்; கீழே வேறொரு ஸ்டிக்கர். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டதும் ஓடிய நேரம் தெரிந்தது: 11,300 மணி நேரம். இரவு பகல் நிறுத்தாமல் ஓடினாலும் 470 நாள் கணக்கு. ரேமில் ஒரு 4 ஜிபி என்னுடைய பழையதேதான். பக்கத்தில் எதிலிருந்தோ கழற்றிய இன்னொரு 4 ஜிபி. நான் காசு கொடுத்தது புது 8 ஜிபி ரேமுக்கு.

விண்டோஸ் 11 கதை இன்னும் மோசம். அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும்; இன்டெல் பிராசசர் என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறை முதல்தான் ஏற்பார்கள். ஐ5-6200யூ என்பதில் கோட்டுக்குப் பிறகு வரும் 6தான் தலைமுறை. அதாவது என் கணினி தகுதியே இல்லாதது. விண்டோஸ் 11இன் தகுதிச் சோதனையைத் தாண்டிக் குறுக்கு வழியில் ஏற்றியிருக்கிறார் கடைத் தம்பி. இப்படி ஏற்றினால் அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. இதை எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் விண்டோஸ் 10லேயே இருந்து, 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும் மைக்ரோசாஃப்டின் கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் பதிந்துகொண்டு, ஒரு நல்ல எஸ்எஸ்டி மட்டும் போட்டிருந்தால் பணம் சேர்க்க ஒரு வருடம் கிடைத்திருக்கும். உங்களுடையது 8ஆம் தலைமுறைக்குக் கீழே என்றால் அதில் பெரிய தொகை போடவே வேண்டாம். 8ஓ அதற்கு மேலோ என்றால் எஸ்எஸ்டி, ரேம் மாற்றுவது நியாயமான செலவு. விண்டோஸ் 11க்குத் தகுதி உண்டா என்று சொல்லும் மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் செயலியை வீட்டிலேயே ஓட்டிப் பாருங்கள், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

பணத்தைவிட என்னை வதைப்பது பழைய ஹார்ட் டிஸ்க். வாங்கும்போது கேட்க மறந்துவிட்டேன். திரும்பப் போய்க் கேட்டால், “அது குப்பைக்குப் போயிருச்சு அண்ணே” என்கிறார். அதில் எங்கள் நால்வரின் அடையாள அட்டை நகல்கள், சம்பளச் சீட்டுகள், வருமான வரிப் படிவங்கள், அம்மா கடைசியாக வந்த தைப்பூசத்தில் பத்துமலைப் படியில் எடுத்த படங்கள். எனக்குக் கொடுத்ததே யாரோ ஒருவருடைய பழைய டிஸ்க் என்னும்போது, என்னுடையதைக் குப்பையில் போட்டார் என்று எப்படி நம்புவது? உங்கள் பழைய டிஸ்க்கைக் கையில் வாங்காமல் காசு கொடுக்காதீர்கள்.

ரசீதில் ‘அப்கிரேட் 680’ என்று மட்டும்தான் இருந்தது; பிராண்ட் இல்லை, சீரியல் எண் இல்லை. என்னைக் காப்பாற்றியது வாட்ஸ்அப். ‘எல்லாம் புதுசு, 8 ஜிபி ரேம்’ என்று அவரே அனுப்பியது இருக்கிறது. அதை அச்சடித்து, உரித்த ஸ்டிக்கர் படங்களையும் சேர்த்து, நுகர்வோர் புகார்களை விசாரிக்கும் பயனீட்டாளர் திரிபுனலில் மனுப் போட்டேன். கட்டணம் 5 வெள்ளிதான், வக்கீல் வேண்டாம், 50,000 வெள்ளி வரை கோரலாம். வாங்கி மூன்று வருடத்துக்குள் போட வேண்டும்.

விசாரணைத் தேதிக்குக் காத்திருக்கிறேன். மனுவில் 680 வெள்ளிக்குக் கீழே இன்னொரு வரியும் எழுதியிருக்கிறேன்: என் ஹார்ட் டிஸ்க்கைத் திருப்பித் தர வேண்டும்.