கூண்டா, வெறுங்கையா?

மன்னார்குடி டீக்கடையில் அக்கா மகன் கேட்டான்: "மாமா, அந்த அமெரிக்கச் சண்டைக்காரர் மைக் பெர்ரி ஏன் யூ.எஃப்.சி.யை விட்டுட்டு வெறுங்கைக் குத்துச்சண்டைக்குப் போனாரு?" சிலம்பம் சுத்துற பய அவன், உள்ளங்கையெல்லாம் காய்ப்பு.

யூ.எஃப்.சி.ங்கிறது கூண்டுக்குள்ள நடக்கிற கலப்புச் சண்டைப் போட்டி. அந்தக் கூண்டுச் சண்டையில் ஒரு சுற்று 5 நிமிடம். உதைக்கலாம், காலை வாரலாம், தரையில் போட்டுக் கழுத்தை நெரிக்கலாம். பெர்ரிக்குக் குத்து இடி மாதிரி இறங்கும். ஆனால் 2018-ல் எதிராளி டொனால்ட் செரோனி அவரைத் தரையில் போட்டு கையை முறுக்கிப் பணியவைத்துவிட்டார். யூ.எஃப்.சி.யில் பெர்ரியின் கணக்கு: 7 வெற்றி, 8 தோல்வி.

வெறுங்கையில் அந்தத் தொல்லையே இல்லை. சுற்று 2 நிமிடம்தான். விழுந்தால் பத்து எண்ணுவார்கள், எழுந்து வரணும். ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் குத்தலாம். பெர்ரிக்கு அது அல்வா. 2023-ல் மட்டும் லூக் ராக்ஹோல்ட், எடி ஆல்வாரெஸ் என்று இரண்டு முன்னாள் யூ.எஃப்.சி. சாம்பியன்களைச் சாய்த்தார். ராக்ஹோல்டுக்குப் பல்லே உடைந்தது.

முகம் கிழிவதுதான் இதன் விலை. கையுறை இல்லாத முட்டி தோலைப் பிளேடு மாதிரி கீறும். குத்துகிறவன் கைக்கும் உத்தரவாதமில்லை.

"அப்ப உன் ஓட்டு எதுக்கு மாமா?"

பார்க்க வெறுங்கை. நீ கத்துக்கணும்னா கூண்டுதான்டா. அதுவும் உங்க அம்மாகிட்ட நீயே கேளு.