சுங்கத் தரவுத் தளங்கள்: மஞ்சள் ஏற்றுமதியில் நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

ஈரோட்டிலிருந்து மஞ்சள் ஏற்றுமதி செய்யும் நிறுவனம் ஒன்றில் வெளிநாட்டுச் சந்தைப் பிரிவைக் கவனித்து வருகிறேன். எந்த நாட்டுக்கு, என்ன விலைக்கு, யாருக்கு விற்பது என்ற மூன்று கேள்விகளுக்காகப் பல ஆண்டுகளாகச் சுங்கத் தரவுகளைப் பார்த்து வந்ததில், முதல் இரண்டுக்கும் கட்டணமில்லாத தளங்களே போதும், மூன்றாவதற்கு மட்டும் பணம் செலவழிப்பதைப் பற்றி யோசிக்கலாம் என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன்.

நான் அதிகம் திறப்பது மத்திய வணிக அமைச்சகத்தின் டிரேட்ஸ்டாட் பக்கம். கொல்கத்தாவிலுள்ள வணிக நுண்ணறிவு மற்றும் புள்ளியியல் தலைமை இயக்குநரகம் தொகுக்கும் எண்கள் அங்கே நாடுவாரியாக, சுங்கம் ஒவ்வொரு பொருளுக்கும் தரும் எட்டு இலக்கக் குறியீட்டு அளவில் கிடைக்கின்றன. இந்த எட்டு இலக்கம் எங்களுக்கு மிக முக்கியம். உலகச் சுங்க அமைப்பின் ஆறு இலக்கப் பட்டியலில் இஞ்சி முழுதாக இருந்தால் 091011, பொடித்ததாக இருந்தால் 091012 என்று பிரித்திருக்கிறார்கள். மஞ்சளுக்கோ எல்லாம் சேர்த்து 091030 என்ற ஒரே எண்தான். இந்தியப் பட்டியலில் உலர்ந்த மஞ்சளும் பொடியும் தனித்தனியே வருவதால், மதிப்பை எடையால் வகுத்து, ஒவ்வொரு நாட்டுக்கும் பொடி கிலோ என்ன விலையில் போயிருக்கிறது என்று கணக்கிட முடிகிறது. ஆனாலும் விரலி, கிழங்கு என்ற பாகுபாடோ, மஞ்சளுக்கு நிறம் தந்து விலையைத் தீர்மானிக்கும் குர்குமின் என்ற பொருளின் அளவோ எந்தக் குறியீட்டிலும் இல்லை என்பதால், கிடைப்பது கலப்பு விலை. அதை வைத்து நேரடியாக விலை சொல்லிவிடக் கூடாது. மஞ்சளிலிருந்து எடுக்கும் பிசின் போன்ற அடர்சாறான ஒலியோரெசினோ, பட்டியலில் மசாலாப் பொருள்கள் வரும் இந்த அத்தியாயத்திலேயே இல்லாமல் 3301 தலைப்பின் கீழ் போய்விடுகிறது.

உலக நாடுகளின் வணிகத் தரவுகளைத் தரும் ஐக்கிய நாடுகள் அவையின் காம்டிரேடும், ஜெனீவாவிலுள்ள சர்வதேச வணிக மையத்தின் டிரேட் மேப்பும் வேறு வகையில் உதவுகின்றன. ஒரே சரக்கை, அனுப்பிய நாடும் பெற்ற நாடும் எப்படிப் பதிவு செய்திருக்கின்றன என்று ஒப்பிட்டுப் பார்க்க இவைதான் வசதி. இரண்டு எண்களும் ஒத்துப்போவது அபூர்வம். நாம் ஏற்றுமதியைக் கப்பலில் ஏற்றும் வரையிலான மதிப்பில் பதிவு செய்கிறோம்; இறக்குமதி செய்யும் நாடுகளில் பெரும்பாலானவை காப்பீட்டையும் கப்பல் கூலியையும் சேர்த்துக் காட்டுகின்றன. டிசம்பரில் கிளம்பிய கன்டெய்னர் அங்கே அடுத்த ஆண்டுக் கணக்கில் விழலாம். இவற்றுக்கெல்லாம் மேல், நம் மஞ்சளை நிறைய வாங்கும் ஐக்கிய அரபு அமீரகம் மறுஏற்றுமதிக்குப் பெயர் பெற்ற இடம் என்பதால், அங்கே போகும் அளவு முழுவதையும் அந்நாட்டுத் தேவை என்று கொள்ள முடியாது.

வாங்குபவர் பெயர் வேண்டுமென்றால் கட்டணச் சேவைகள்தான். நாங்கள் சந்தா கட்டிய ஒரு நிறுவனம் இந்தியச் சுங்கத் தரவையே பெருமையாகக் காட்டி விற்றது. 2022-இல் சுங்கச் சட்டத்தில் 135ஏஏ பிரிவு சேர்க்கப்பட்டு, ஏற்றுமதி, இறக்குமதியாளர்கள் சுங்கத்துக்குத் தரும் மதிப்பு, அளவு முதலிய விவரங்களைச் சட்டம் அனுமதிக்காத வகையில் வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை அல்லது ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்றான பிறகும், எண்கள் எங்கிருந்து வருகின்றன என்ற எங்கள் கேள்விக்கு நேரான பதில் தரவில்லை. சந்தாவை நாங்கள் புதுப்பிக்கவில்லை.

அமெரிக்காவின் நிலை வேறு. கடல்வழி வரும் சரக்கின் பில் ஆஃப் லேடிங் (கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீது) விவரங்களை அந்நாட்டுச் சட்டமே வெளியிட அனுமதிக்கிறது. இம்போர்ட்யெட்டி போன்ற தளங்களில் கட்டணமின்றியே தேடலாம். விலை இருக்காது, எடையும் மொத்த எடைதான், பெறுநர் இடத்தில் பல நேரம் சரக்கு அனுப்பு முகவரின் பெயர் நிற்கும், விண்ணப்பித்துத் தங்கள் பெயரை மறைத்துக்கொண்டவர்களும் உண்டு.

இத்தனை குறைகள் இருந்தும் அந்த அமெரிக்கத் தரவை விடாமல் பார்ப்பதற்குக் காரணம், அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் வெளியிடும் இறக்குமதி மறுப்புப் பட்டியல். சால்மொனெல்லா கிருமி போன்ற காரணங்களுக்காகத் திருப்பப்பட்ட சரக்கு எந்த உற்பத்தியாளருடையது என்று அதில் இருக்கும். ஒரு வாங்குநருக்கு யார் அனுப்புகிறார்கள் என்பதைப் பில் ஆஃப் லேடிங்கில் பார்த்துவிட்டு, அந்த அனுப்புநரின் பெயரை மறுப்புப் பட்டியலில் தேடுகிறோம். பெயர் இருந்தால், அந்த வாங்குநர் மாற்று ஆளைத் தேடிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். எங்கள் ஆய்வக அறிக்கையோடு அனுப்பும் மின்னஞ்சலுக்கு அவர்களிடமிருந்துதான் விரைவாகப் பதில் வருகிறது.