ஸ்ரீநகரா, மண்டியா? ஆற்றோரப் பல்கலைக்கழக மலை நகரங்கள் இரண்டு

காவிரியும் குடமுருட்டியும் வெறும் மணலாய்க் கிடக்கும் சித்திரை, வைகாசியில், பனி உருகிப் பெருகும் ஆற்றைப் பார்க்க வடக்கே புறப்படும் தஞ்சை, கும்பகோணம் பகுதிக் குடும்பங்கள் பெரும்பாலும் பத்ரி அல்லது மணாலி போகும் வழியில் இவ்விரு ஊர்களையும் மதியச் சாப்பாட்டோடு கடந்துவிடுகின்றன. இரண்டுமே தங்கிப் பார்க்க வேண்டிய ஊர்கள்.

உத்தராகண்டின் கட்வால் ஸ்ரீநகர் (காஷ்மீரத்து ஸ்ரீநகர் வேறு) ரிஷிகேஷிலிருந்து ஏறத்தாழ 105 கி.மீ. தொலைவில் அளகநந்தாவின் கரையில் இருக்கிறது. பெரியாழ்வார் மங்களாசாசனம் செய்த கண்டமென்னும் கடிநகராகிய தேவப்பிரயாகை வழியிலேயே வருவதால், திவ்ய தேச யாத்திரை செல்லும் பெரியவர்களை அழைத்துப் போவோருக்கு இதைவிடப் பொருத்தமான தங்குமிடம் இல்லை. இங்கே 1973இல் தொடங்கிய பல்கலைக்கழகம், நம் திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தை உருவாக்கிய அதே 2009ஆம் ஆண்டுச் சட்டத்தால் மத்தியப் பல்கலைக்கழகமானது. வளாகத்தின் ஒரு பகுதி ஊருக்குள்ளும் இன்னொன்று எதிர்க்கரையில் சௌராஸிலும் இருப்பதால், பாலத்தில் மாணவர் நடமாட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் 1894ஆம் ஆண்டு வெள்ளம் பழைய நகரை அடித்துச் சென்றுவிட்டது. இன்று காண்பது அதன்பின் திட்டமிட்டுக் கட்டிய ஊர் என்பதால், பழமையைத் தேடுவோருக்கு இங்கே கிடைப்பது குறைவே.

அந்தப் பழமை ஹிமாசலத்தின் மண்டியில் நிறைந்திருக்கிறது. தில்லியிலிருந்து சண்டிகர் வழியாக இரவு முழுவதும் பேருந்தில் போக வேண்டும். முழங்கால் வலியுள்ளவர்களுக்கு அது சிரமம். ஐ.ஐ.டி. வளாகமும் ஊருக்கு வெளியே, ஊல் ஆற்றங்கரையில் காமந்தில் இருக்கிறது. எனினும் என் தேர்வு மண்டியே. பியாஸும் சுகேதியும் கூடுமிடத்தில் நிற்கும் பஞ்சவக்த்ர ஆலயத்தில் ஐந்துமுகச் சிவனைத் தரிசித்துவிட்டுப் படியில் அமர்ந்தால், திருவையாற்றுப் புஷ்ய மண்டபப் படித்துறையில் பழகிய நமக்கு அந்த இடம் அந்நியமாகத் தோன்றாது. 2023 ஜூலையில் பியாஸ் பொங்கி இக்கோயிலைச் சூழ்ந்தது. கற்றளி அசையாமல் நின்றது. மகா சிவராத்திரியை ஒட்டிச் சென்றால், சுற்றுவட்டார கிராம தெய்வங்கள் பல்லக்கில் ஊருக்குள் எழுந்தருளும் விழாவையும் காணலாம்.

எந்த ஊரானாலும், மலைச்சரிவால் சாலை அடைபடும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள். இரண்டும் ஆயிரம் மீட்டருக்குக் குறைந்த உயரத்திலேயே இருப்பதால் மே மாதப் பகலில் நன்றாகவே வெயில் அடிக்கும். கம்பளி உடைகள் அங்கிருந்து மேலே ஏறுவோருக்கு மட்டுமே தேவைப்படும்.