ஹோர்ட்டன் சமவெளியா, மடுல்சீமையா? பதினான்கு பேருக்கு ஒரு கூடார இரவு

பெப்ரவரி போயா (பௌர்ணமி) விடுமுறையில் இலங்கை மலைநாட்டில் எங்காவது கூடாரம் போடுவோம் என்று தைப்பொங்கலன்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் பேச்சு கிளம்பியது. ஐந்து வயது மருமகள் முதல் முழங்கால் வலிக்காரப் பெரியப்பா வரை பதினான்கு பேர். பாதிப் பேர் ஹோர்ட்டன் சமவெளி என்கிறார்கள், மீதிப் பேர் மடுல்சீமை என்கிறார்கள். இரண்டு இடத்திலும் இரவு தங்கியவன் என்பதால் பஞ்சாயத்து என் தலையில் விழுந்தது.

குளிரில் ஹோர்ட்டன்தான் கெட்டிக்காரன். கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றர். நுவரெலியா டவுனைவிட 200 மீற்றருக்கு மேல் உயரம். ஜனவரி, பெப்ரவரியில் வானம் வெளித்த இரவென்றால் விடியும்போது புல்லில் வெள்ளையாக உறைபனி படிந்திருக்கும். “பண்டாரவளைக்காரனுக்கா குளிர் காட்டுகிறாய்?” என்று தம்பி கேட்டான். பண்டாரவளைக் குளிர் சுவருக்கு வெளியே நிற்கிற குளிர் தம்பி. அங்கே அது தரையிலிருந்து முதுகுக்குள் ஏறும். மேலே இரண்டு கம்பளி போர்த்துவதைவிட அடியில் ஒன்றை விரித்துப் படுப்பதில்தான் பலன். காற்று போக கூடாரத்தின் வாயைக் கொஞ்சம் திறந்து வைக்காவிட்டால், நம் மூச்சே உள்பக்கத் துணியில் நீராகி விடிகாலையில் நெற்றியில் சொட்டும்.

சமையலும் அங்கே வேறு கணக்கு. அந்த உயரத்தில் தண்ணீர் 100 பாகைக்கு ஏறாமல் 93 பாகை அளவிலேயே கொதித்துவிடும். போன தடவை திறந்த சட்டியில் கடலைப் பருப்பை ஏற்றிவிட்டு ஒன்றரை மணி நேரம் சுற்றி உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, ஆவி பறக்கிறது, பருப்போ பல்லில் நறுக்கென்றது. கேஸ்தான் முடிந்தது. பிரஷர் குக்கர் இல்லையென்றால் வீட்டிலேயே தேங்காய் ரொட்டி சுட்டு, கட்டச் சம்பலோடு கொண்டுபோய்விட்டு, அங்கே பிளேன்டீ மட்டும் போடுங்கள். ரொட்டியை வாழையிலையில் சுற்றுங்கள். பூங்கா வாசலில் பொலித்தீன் பையைத் தேடி எடுத்துவிடுவார்கள். இராத்திரி மிச்சம் மீதியை வெளியே வைத்தால் மரை மான் வந்து மோப்பம் பிடிக்கும். கிட்டத்தில் பார்க்க அழகுதான், அதற்காக ஊட்டப் போகாதீர்கள்.

தேசியப் பூங்கா என்பதால் வனசீவராசிகள் திணைக்களத்தில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். பாட்டு, கூத்து கிடையாது. ஆனால் உள்ளே தங்கியவர்களுக்கு ஒரு சலுகை: காலை ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் ‘உலக முடிவு’ என்கிற செங்குத்துப் பாறை விளிம்பை மேகம் மூடிவிடும். ஆறு மணிக்கு வாசலில் வரிசையில் நிற்பவர்களுக்கு முன்னால் நாம் நடக்கத் தொடங்கலாம். முழுச் சுற்று ஒன்பது கிலோமீற்றருக்கு மேல். பெரியப்பா கூடாரத்திலேயே இருக்கட்டும், அவருக்கு ரேடியோ போதும்.

மடுல்சீமை பசறைக்கு அப்பால். தேயிலைத் தோட்டங்களைத் தாண்டிப் போனால் ‘சின்ன உலக முடிவு’ என்கிற புல்வெளி. உயரம் குறைவு, குளிரும் குறைவு. கிழக்கைப் பார்த்த விளிம்பு என்பதால் சூரியன் காலடியில் கிடக்கும் மேகத்துக்குள்ளிருந்து எழும்பும். உண்மையைச் சொன்னால் விடியலில் ஹோர்ட்டன் இதனிடம் தோற்றுவிடும். பாட்டுப் பாடலாம், சத்தம் போடலாம்.

ஆனால் காற்று! டவுனில் ஒரு கடையில் வாடகைக்கு எடுத்த கூடாரத்தின் கம்பி நடுராத்திரியில் முறிந்து, மச்சான் விடியும்வரை அதைக் கையால் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். வாடகைக் கூடாரத்தை வீட்டு முற்றத்தில் ஒரு தடவை விரித்துப் பார்க்காமல் வண்டியில் ஏற்றாதீர்கள். நாங்கள் போன அன்று தண்ணீர் முழுவதையும் கீழிருந்துதான் சுமந்தோம். கழிப்பறை என்றால் புதர்தான். காய்ந்த புல்லில் ஒரு பொறி விழுந்தால் மலையே பற்றிக்கொள்ளும் என்பதால் நெருப்பு மூட்டும் ஆசையும் வேண்டாம்.

ரிவர்ஸ்டனை அக்கா மகள் நடுவில் இழுத்துவிட்டாள். அது நக்கிள்ஸ் மலைத்தொடர்ப் பக்கம், மழையும் அட்டையும் பழகியவர்களுக்குச் சரி. இந்தக் கூட்டத்துக்கு வேண்டாம்.

என் தீர்ப்பு ஹோர்ட்டன். காரணம் காட்சியல்ல, மருமகள். ஹோர்ட்டனில் பாறை விளிம்பு பார்வையாளர் நிலையத்திலிருந்து நாலு கிலோமீற்றர் தள்ளி. மடுல்சீமையில் கூடாரத்துக்குப் பக்கத்திலேயே, வேலி இல்லாமல். ஐந்து வயதுப் பிள்ளை இராத்திரி மூத்திரம் போக எழும்பினால் கூட எழும்ப யார் கண் விழித்திருப்பது? இளசுகள் மட்டும் இன்னொரு நாள் மடுல்சீமை போகட்டும், கம்பி பிடிக்க மச்சானையும் கூட்டிக்கொண்டு.

எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். அக்கா மட்டும் தன் பிரஷர் குக்கரை மலைக்குத் தரமாட்டாளாம். அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை.