விண்டோஸ், உபுண்டு, மின்ட்: எல்லையோரக் கடைக்கு எந்த பீட்டா?

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், வேலந்தாவளத்திலிருந்து கோபாலபுரம் வரை, ஜெராக்ஸும் டி.டி.பி.யும் ஆன்லைன் விண்ணப்பமும் ஒரே கூரையின் கீழ் நடக்கும் கடைகள் பல உண்டு. 2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இந்தக் கடைக்காரர்கள் ஒருவரை ஒருவர் சந்தித்தபோதெல்லாம் ஒரே பேச்சுதான். அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு முடிகிறது. அடுத்து எதற்கு மாறுவது? அதே சில வாரங்களுக்குள், விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளங்களில் ஒன்றான லினக்ஸ் மின்ட் 22.2 ஆகஸ்டில் பீட்டாவாகவும் (முழு வெளியீட்டுக்கு முன் வரும் சோதனைப் பதிப்பு) செப்டம்பர் தொடக்கத்தில் முழுப் பதிப்பாகவும் வந்தது. அதே வகையைச் சேர்ந்த உபுண்டு 25.10-இன் பீட்டா செப்டம்பர் 18-இலும், முழுப் பதிப்பு அக்டோபர் 9-இலும் வெளியாயின. விண்டோஸ் 11-இன் 25எச்2 பதிப்பு ஆகஸ்ட் இறுதியில் முன்னோட்டத்துக்கு வந்து, செப்டம்பர் 30-இல் எல்லோருக்கும் திறக்கப்பட்டது. மாறுவதற்கு முன் பீட்டாவைப் போட்டுப் பார்த்துவிடலாம் என்ற எண்ணம் பலருக்கு அப்போதுதான் வந்தது.

புதிய அம்சங்களைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். ஆனால் இரண்டு கணினி மட்டுமே வைத்திருக்கும் கடைக்கு இந்த மூன்றையும் வேறுபடுத்திக் காட்டுபவை அம்சங்கள் அல்ல என்பது என் கருத்து. பீட்டாவில் நாம் எதைப் பார்க்கப் போகிறோம் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள், பிடிக்காவிட்டால் எப்படி வெளியே வருவது என்ற இரண்டும்தான் கேட்க வேண்டிய கேள்விகள்.

விண்டோஸிலிருந்து தொடங்கலாம். 25எச்2 என்பது பெயரளவில்தான் புதிய பதிப்பு. அதன் நிரல் முந்தைய ஆண்டுப் பதிப்பான 24எச்2-இன் நிரலேதான். ஏற்கெனவே உள்ளே உறங்கிக் கொண்டிருப்பதை எழுப்பிவிடும் ஒரு சிறு தொகுப்பாகவே அது வந்தது. பவர்ஷெல் 2.0, டபிள்யூஎம்ஐசி போன்ற பழைய கருவிகள் நீக்கப்பட்டன என்பதைத் தவிரப் பெரிய மாற்றம் எதையும் கடைக்காரர்கள் உணரவில்லை. கண்ணில் படும் மாற்றங்கள், புதியவற்றை முன்கூட்டியே சோதித்துப் பார்க்க மைக்ரோசாஃப்ட் நடத்தும் இன்சைடர் திட்டத்தின் டெவ், பீட்டா பிரிவுகளில்தான் முதலில் தலைகாட்டின. அவற்றில் அதிகம் விவாதிக்கப்பட்டது புதிய ஸ்டார்ட் மெனு. எல்லா மென்பொருள்களும் தனிப் பக்கத்துக்குப் போகாமல் ஒரே பக்கத்தில் கீழ்நோக்கி நகர்த்திப் பார்க்கும்படி வந்தன. வகை வாரியாகவோ அகர வரிசையிலோ அடுக்கிக்கொள்ள முடிந்தது. 2021-இல் விண்டோஸ் 11 வந்த நாளிலிருந்து பலரை எரிச்சலூட்டிய ‘பரிந்துரை’ப் பகுதியை முழுமையாக மறைக்கவும் வழி பிறந்தது. இந்தக் கடைசி மாற்றத்தை வரவேற்காதவர்கள் குறைவு. ஆனால் 1366×768 அளவுள்ள பழைய திரைகளில் அந்த மெனு விரிந்தால் பின்னால் இருக்கும் விண்ணப்பப் படிவம் கண்ணுக்குத் தெரிவதில்லை. “அண்ணா, ஸ்டார்ட்ட அமுக்குனா பாதி ஸ்கிரீன் காணாமப் போயிருதுங்க” என்று ஒரு கடையில் வேலை பார்க்கும் பெண் சொன்னதில் மிகை இல்லை.

இதைவிடப் பெரிய குறை, ஒரே பீட்டாவில் இருக்கும் இரண்டு கணினிகள் ஒரே மாதிரி இருப்பதில்லை என்பது. மைக்ரோசாஃப்ட் ஒரு புதிய அம்சத்தை முதலில் ஒரு பகுதியினருக்கு மட்டும் திறந்துவிட்டு, கோளாறு இல்லையென்று கண்ட பிறகே படிப்படியாக மற்றவர்களுக்குத் தருகிறது. கோடிக்கணக்கான கணினிகளைப் பார்த்துக்கொள்ள வேண்டிய நிறுவனத்துக்கு அது நியாயமான வழிமுறைதான். ஆனால் அடுத்தடுத்த மேசைகளில் ஒரே எண்ணுள்ள பதிப்பு ஓடும்போது, ஒன்றில் புதிய மெனுவும் மற்றொன்றில் பழைய மெனுவும் இருந்தால், வேலைக்கு வருபவருக்கு எதைக் கற்றுத் தருவது? பீட்டாவில் சேர்ந்தும் பழையதையே பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்ற புலம்பலுக்குக் காரணம் இதுவே.

வெளியேறும் வழியும் பிரிவுக்குப் பிரிவு மாறுகிறது. 2020-இல் டெவ், பீட்டா, ரிலீஸ் பிரிவ்யூ (வெளியீட்டுக்குச் சற்று முந்தைய நிலை) என்று வகுக்கப்பட்ட பிரிவுகளோடு 2023 மார்ச்சில், மிகவும் பக்குவப்படாத நிலையைக் காட்டும் கேனரி சேர்ந்தது. கேனரியில் நுழைந்தவர் திரும்ப வேண்டுமென்றால் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவ வேண்டும். பீட்டாவிலும் ரிலீஸ் பிரிவ்யூவிலும், அடுத்த முழுப் பதிப்பு வரும்போது தானாக விலகிக்கொள்ளும்படி முன்கூட்டியே குறித்துவைக்கலாம். புதிய பதிப்பு ஏறியபின் பத்து நாள்களுக்குள் பழையதற்குத் திரும்பும் வசதி உண்டு; அதற்குப் பிறகு அந்தக் கதவு மூடிவிடுகிறது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, இன்சைடர் திட்டத்தில் இருக்க வேண்டுமென்றால், பொதுவாக விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கும் கூடுதல் பயன்பாட்டுத் தகவல்களையும் அனுப்ப ஒப்புக்கொள்ள வேண்டும். ஊராரின் ஆதாரும் கரம் (வரி) அடைத்த ரசீதும் நாள் முழுக்கத் திறந்து மூடப்படும் கணினியில் அந்த ஒப்புதலைக் கொடுப்பதற்கு முன் கடைக்காரர் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும்.

கணினியின் வயது இன்னொரு தடை. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலி, 4 ஜிபி ராம், 64 ஜிபி சேமிப்பிடம் என்பவை விண்டோஸ் 11-இன் குறைந்தபட்சத் தேவைகள். கோவையில் செகண்ட் ஹேண்டில் வாங்கி வந்த கணினிகளில் பல இந்த முதல் இரண்டு நிபந்தனைகளிலேயே தோற்றுவிடும். நிபந்தனையை ஏமாற்றி நிறுவும் வழிகள் சுற்றில் இருக்கின்றன. வாடிக்கையாளருக்குப் பதில் சொல்ல வேண்டிய கணினியில் அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உபுண்டுவின் நடைமுறை இதற்கு நேர் எதிரானது. பீட்டாவில் இருக்கும் எல்லோரும் ஒரே பொருளையே பார்க்கிறார்கள். பீட்டாவை நிறுவி, வழக்கமான அப்டேட்டுகளை ஏற்றிக்கொண்டே வந்தால், வெளியீட்டு நாளில் அதுவே முழுப் பதிப்பாகிவிடும். தனியாக விலகுவது என்ற பேச்சே இல்லை. பிழைகள் லாஞ்ச்பேட் என்ற உபுண்டுவின் இணையதளத்தில் எண்ணிட்டுப் பதிவாவதால், நாம் சொன்ன குறை எந்த நிலையில் இருக்கிறது என்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் பின்னோக்கிப் போவதற்கு இங்கும் வழி இல்லை. 25.10-ஐ நிறுவியவர் 24.04-க்குத் திரும்ப விரும்பினால் புதிதாகவே நிறுவ வேண்டும். மேலும் 25.10 ஓர் இடைக்காலப் பதிப்பு, அதற்கான ஆதரவு ஒன்பது மாதம்தான். ஏப்ரல் 2024-இல் வந்த 24.04 போன்ற நீண்டகாலப் பதிப்புக்கு ஐந்து ஆண்டு.

25.10-இன் பெரிய மாற்றம் கண்ணுக்குத் தெரியாதது. க்னோம் 49 டெஸ்க்டாப்போடு வந்த அந்தப் பதிப்பில், திரையில் ஜன்னல்களை வரைந்து காட்டும் பழைய முறையான எக்ஸ்11, பல ஆண்டுகளாக மாற்றுவழியாக வைக்கப்பட்டிருந்தது நீக்கப்பட்டு, அதன் புதிய மாற்றான வேலண்ட் மட்டுமே எஞ்சியது. பழைய மென்பொருள்கள் எக்ஸ்வேலண்ட் என்ற இணைப்புப் பாலம் வழியாக ஓடிவிடும். ஆனால் ஒரு ஜன்னலில் இருப்பதை இன்னொரு ஜன்னலில் தானாகத் தட்டச்சு செய்யும் எக்ஸ்டூடூல் போன்ற கருவிகளையும், தொலைவிலிருந்து திரையைக் கைப்பற்றும் சில மென்பொருள்களையும் நம்பி வேலை செய்தவர்கள் தடுமாறினார்கள். ஒரு மென்பொருள் மற்றொன்றின் திரையையும் விசைகளையும் எட்டிப்பார்க்கக் கூடாது என்பதே வேலண்டின் அடிப்படை என்பதால், இதைப் பிழை என்று சொல்லிப் பயனில்லை. இன்னொரு மாற்றம் கூடுதலாகத் தொல்லை தந்தது. அடிப்படைக் கட்டளைகளை ரஸ்ட் மொழியில் மாற்றி எழுதிச் சேர்த்திருந்தார்கள். அவற்றில் தேதி காட்டும் கட்டளையில் இருந்த ஒரு பிழையால், பதிப்பு வெளியான பிறகு, புதிய அப்டேட் இருக்கிறதா என்று தானாகப் பார்க்கும் வேலை சில கணினிகளில் நின்றுபோனது. பிழை விரைவில் சரிசெய்யப்பட்டது என்றாலும், இடைக்காலப் பதிப்பு என்பது முழுப் பதிப்பான பிறகும் பாதி பீட்டாதான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மின்ட் 22.2-ஐப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, அதுவே அதன் பலம். உபுண்டு 24.04-ஐ அடித்தளமாகக் கொண்டிருப்பதால் 2029 வரை ஆதரவு உண்டு. கைரேகையால் உள்நுழைய ஒரு சிறு மென்பொருள், உள்நுழைவுத் திரையில் மெருகு, குறிப்புத்தாள் மென்பொருளில் சில திருத்தங்கள் என்று மாற்றங்கள் அடக்கமானவை. சின்னமன் டெஸ்க்டாப்பில் எக்ஸ்11-தான் இயல்புநிலை. வேலண்ட் சோதனை அளவிலேயே இருக்கிறது. டாஸ்க்பாரைத் திரையின் நான்கு பக்கங்களில் எங்கும் ஒட்டலாம். விண்டோஸ் 11 வந்தபோது பறிபோன வசதி அது. 2 ஜிபி ராமிலேயே எழுந்துவிடும், 4 ஜிபி இருந்தால் நிம்மதி. பீட்டா இங்கும் அப்டேட் மூலமே முழுப் பதிப்பாகிவிடும். கூடவே டைம்ஷிஃப்ட் என்ற கருவி முதல் நாளிலேயே உள்ளே இருக்கிறது. அப்டேட்டுக்கு முன் கணினியின் நிலையை ஒரு படிமமாக எடுத்துவைத்தால், கெட்டுப்போன மறுகணமே கணினியை நேற்றைய நிலைக்குக் கொண்டுவரலாம். இயல்பான அமைப்பில் அது நம் கோப்புகள் இருக்கும் ஹோம் அடைவைத் தொடுவதில்லை. ஆகவே காலையில் அடித்துவைத்த திருமண அழைப்பிதழ் அப்படியே இருக்கும். முன்னோக்கியும் பின்னோக்கியும் வழி திறந்திருப்பது மூன்றில் இதில் மட்டும்தான்.

ஆப்பிளின் மேக்ஓஎஸ் 26 டஹோவின் கண்ணாடி போன்ற தோற்றத்தையும், மென்பொருள்களைத் திரையில் அடுக்கிக் காட்டிய லாஞ்ச்பேட் (உபுண்டுவின் தளம் அல்ல) எடுக்கப்பட்டதையும் பற்றிப் பொள்ளாச்சிப் பக்கத்து ஆல்பம் வடிவமைப்பாளர்கள் சிலர் பேசிக்கொண்டார்கள். இன்டெல் மேக் வைத்திருப்பவருக்கு அதுவே கடைசிப் பதிப்பு என்பதைத் தவிர இந்தக் கடைகளுக்கு அதில் செய்தி இல்லை.

தட்டச்சுதான் இங்கே உண்மையான பரீட்சை. ஒரே விண்ணப்பத்தில் பெயரைத் தமிழிலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் அடிக்க வேண்டியிருக்கிறது. விண்டோஸிலும் உபுண்டுவிலும் விண்டோஸ் விசையோடு ஸ்பேஸை அழுத்தினால் மொழி மாறும். ஒவ்வொரு ஜன்னலுக்கும் தனி மொழி வைத்துக்கொள்ளும் தெரிவும் இரண்டிலும் உண்டு. தமிழ்99 விசைப்பலகை விண்டோஸ் 10-இன் 2019 மே அப்டேட்டிலிருந்து உள்ளேயே கிடைக்கிறது. லினக்ஸில் ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவியோடு எம்17என் என்ற பன்மொழி விசைப்பலகைத் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99, ஒலியியல், இன்ஸ்கிரிப்ட் எல்லாம் வந்துவிடும். எந்த பீட்டாவை ஏற்றினாலும் முதலில் ‘கொழிஞ்சாம்பாறை’ என்று அடித்து, முதல் எழுத்துக்குப் பின்னால் கர்சரை வைத்து பேக்ஸ்பேஸை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். ‘க’ மட்டும் எஞ்சினால் ஒகர உயிர்க்குறி ஒரே குறியீடாகப் பதிவாகியிருக்கிறது. ‘கெ’ எஞ்சினால் கொம்பும் காலும் தனித்தனியாகப் பதிவாகியிருக்கின்றன. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், ஆனால் பெயரைத் தேடும்போது கிடைக்காமல் போகலாம். மலையாளத்தின் சில்லு எழுத்துகளுக்கும் (உயிரொலி சேராத மெய்களின் தனி வடிவங்கள்) இதே சிக்கல் உண்டு. 2008-இல் யூனிகோட் 5.1 அவற்றுக்குத் தனிக் குறியீடு தந்த பிறகும், பழைய முறையில் அடித்த கோப்புகள் கடைகளில் ஏராளம்.

பக்க வடிவமைப்புக்கான பேஜ்மேக்கரும் பாமினி எழுத்துருவும் இன்னும் சோறுபோடும் கடையில் விண்டோஸை முழுவதும் கைவிட முடியாது. கைரேகைக் கருவியோடு வரும் மென்பொருளும் பெரும்பாலும் விண்டோஸை எண்ணியே தரப்படுகிறது. ஆகவே பணம் வாங்கும் கணினியில் விண்டோஸ் 11-இன் முழுப் பதிப்பு மட்டும் இருக்கட்டும். அதிகபட்சம் ரிலீஸ் பிரிவ்யூ, அதுவும் வெளியீட்டுக்குச் சில நாள்களுக்கு முன். நிபந்தனையில் தோற்ற பழைய கணினியில் மின்ட். கேரளப் பள்ளிகளில் கைட் என்ற அரசு நிறுவனம் வழங்கும் உபுண்டு வழி லினக்ஸில் படித்து வரும் தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கு அது அந்நியமாகத் தோன்றாது. எல்லை தாண்டிப் பொள்ளாச்சியிலிருந்து வேலைக்கு வருபவருக்குத்தான் ஓரிரு வாரம் பழக்க வேண்டியிருக்கும். உபுண்டுவின் இடைக்கால பீட்டா, கணினியில் நிறுவாமல் பென் டிரைவில் லைவாக ஓட்டிப் பார்க்கும் அளவோடு நிற்கட்டும். அங்கே தமிழில் ஏதேனும் சறுக்கல் கண்டால், ‘தமிழ் சரியாக வரவில்லை’ என்று எழுதாமல், விசைப்பலகையின் பெயர், எழுத்துருவின் பெயர், அழுத்திய விசைகளின் வரிசை, எந்த மென்பொருளில் நடந்தது என்ற நான்கையும் லாஞ்ச்பேடில் பதிந்துவிடுங்கள்.